மூன்று நோட்டில் ஒரே உடம்பு: பொது சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர். முப்பத்தொரு வருடம் சளியும் ரத்தமும் மலமும் பார்த்துச் சம்பளம் வாங்கியவன். அதில் மலம் பார்ப்பது யாருக்கும் பிடிக்காத வேலை. எனக்கு அதில்தான் சுவாரசியம். கவர் ஸ்லிப்புக்குக் கீழே எது நெளியும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது.

போன ஆகஸ்டில் பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், “தாத்தா, இன்னிக்குப் பூச்சி மாத்திரை குடுத்தாங்க” என்று நாக்கை நீட்டிக் காட்டினாள். அதே வாரம், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் தன்னார்வலர் என் மனைவிக்குச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து, விரலைக் குத்தி அளவு பார்த்து, நோட்டில் எழுதிக்கொண்டு போனார். இரண்டும் உங்கள் வேலைதான். இரண்டும் ஒழுங்காகவே நடக்கின்றன, குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பூச்சி நோட்டும் சர்க்கரை நோட்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் ஆற்றுப்பாசன ஊர் ஒன்றில் வேலை பார்த்தேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் ஓர் அம்மாவைச் சர்க்கரை ஏறிவிட்டதென்று வார்டில் சேர்த்திருந்தார்கள். அறுபதை ஒட்டிய வயது. கையும் காலும் குச்சி, முகம் மட்டும் உப்பியிருந்தது, வயிறு முன்னால் தள்ளியிருந்தது. பேதி நிற்கவில்லை, மூச்சு விடும்போது விசில் சத்தம். மோஷன் டெஸ்ட் எழுதித் தரவில்லை. அவருடைய மகள்தான் ஒரு மாத்திரை டப்பாவில் கொஞ்சம் எடுத்து, மஞ்சப்பையில் சுற்றிக் கொண்டுவந்து, “அண்ணே, இதையும் ஒரு தடவ பாத்துருங்களேன், பத்து நாளா நிக்கல” என்றார். சீட்டு இல்லாமல் பார்க்கக் கூடாது. பார்த்தேன்.

ஒரு சொட்டு சலைன், குச்சி முனையளவு மலம், மேலே கவர் ஸ்லிப். குறைந்த பவர் லென்ஸிலேயே தெரிந்துவிட்டது: சாட்டையைச் சொடுக்கியதுபோல் துள்ளும் லார்வாக்கள், அதாவது புழுக்குஞ்சுகள். ஃபீல்டுக்கு நாலைந்து. முட்டை ஒன்றுகூட இல்லை. கொக்கிப்புழுவாக இருந்தால் அப்போதே எடுத்த மலத்தில் முட்டைதான் தெரியும். லார்வாவே நேராக வந்தால் அது ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழு.

அப்புறம் விசாரித்தார்கள். மூட்டுவலிக்கு மூன்று வருடமாகச் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் வாங்கித் தின்ற வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. முகம் உப்பியதும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்ததும் அதனால்தான். சர்க்கரை ஏறியதில் அதற்குப் பங்கு உண்டு. குடலில் எத்தனையோ வருடம் சத்தமில்லாமல் கிடந்த புழு தலைவிரித்தாடியதும் அந்த மாத்திரையால்தான். டியூட்டி டாக்டர் ஸ்லைடைப் பார்த்துவிட்டு, “சுகருக்குத்தானே அட்மிஷன், இது எங்கேருந்து வந்தது?” என்றார். ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை வெளியில் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது ஆளே மாறியிருந்தார். கன்னம், கை எல்லாம் சதை வைத்திருந்தது. “பூச்சி போனப்புறம் சோறு நல்லா இறங்குது தம்பி” என்றார். சர்க்கரை முதலில் இறங்கி, பிறகு மெல்ல மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. ஏன்? வயதா, சோறா, கூடிய எடையா, புழு போனதா? அதைச் சொல்ல ஒரு தாளாவது இருக்கிறதா என்று தேடினேன். எடை ஓ.பி. சீட்டில் இருந்தது. சர்க்கரை வேறொரு பதிவேட்டில் இருந்தது. லார்வா என் லேப் நோட்டில், சீட்டில்லாமல் பார்த்ததால் அதுவும் பென்சிலில். ஓர் உடம்பை மூன்று நோட்டில் பங்கு போட்டு வைத்திருந்தோம்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தேகத்தை உலகத்தில் வேறு பலர் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதில் கொஞ்சத்தை இங்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும், ஆனாலும் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள்.

கொழுப்பு என்றால் நம் ஊரில் திமிர், இல்லாவிட்டால் தொப்பை. உடம்பின் பரண் மாதிரி, மிஞ்சியதைத் தூக்கிப்போடும் இடம் என்றுதான் மருத்துவமும் ரொம்ப நாள் நினைத்தது. 1994இல் லெப்டின், அடுத்த வருடம் அடிபோனெக்டின் என்று கொழுப்புத் திசுவே சுரக்கும் ஹார்மோன்களைக் கண்டுபிடித்த பிறகுதான், அது பசியையும் இன்சுலினையும் ஆட்டிவைக்கும் உறுப்பு என்று தெரிந்தது. அதற்குள் நோய் எதிர்ப்பு அணுக்களும் குடியிருக்கின்றன. உடம்பு பெருக்கப் பெருக்க, அங்கே எரிச்சலைக் கிளப்பும் மேக்ரோஃபேஜ் அணுக்கள் கூடுகின்றன. அவை வெளிவிடும் பொருட்களால் இன்சுலினின் பேச்சு செல்களில் எடுபடாமல் போகிறது; இன்சுலின் எதிர்ப்பு என்பது இதுதான். சர்க்கரை நோய்க்குப் போகும் வழிகளில் இது முக்கியமானது.

அந்த இடத்தில் ஒட்டுண்ணி போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

தென் அமெரிக்காவின் சாகஸ் நோயில் அப்பட்டமாக அதுதான் நடக்கிறது. 1909இல் பிரேசில் மருத்துவர் கார்லோஸ் சாகஸ் கண்டுபிடித்த நோய். சுவரிடுக்கில் வாழும், ரத்தம் குடிக்கும் ஒரு வகைப் பூச்சி பரப்பும் ஒற்றைச் செல் கிருமி, முக்கியமாக இதயத்தைக் கெடுப்பது. அது கொழுப்புச் செல்லுக்குள்ளேயே புகுந்து பெருகுகிறது என்று 2005இல் நியூயார்க்கில் எலிகளில் காட்டினார்கள். அந்த ஆய்வில் இருந்த பிலிப் ஷெரர்தான் அடிபோனெக்டினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். கொழுப்பை ஆராயப் போனவர் ஒட்டுண்ணியைச் சந்தித்த கதை. நோய் ஏறிய எலிகளின் கொழுப்பில் அழற்சி கூடியது, அடிபோனெக்டின் குறைந்தது. ரத்தத்தில் கிருமி தென்படாத நாட்பட்ட நிலையிலும் கொழுப்புக்குள் அது பதுங்கியிருந்தது. பிறகு நாட்பட்ட நோய் உள்ள மனிதர்கள் சிலரின் கொழுப்பிலும் அதன் மரபுத் தடயத்தைப் பார்த்தார்கள். ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமியும் அப்படியே. எலியின் கொழுப்புக்குள் கூட்டமாகத் தங்கி, அங்கே கொழுப்பையே எரித்துத் தின்னும்படி தன்னை மாற்றிக்கொள்கிறது என்று 2016இல் லிஸ்பன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். தூக்க நோயில் ஆள் உருகிப்போவது ஊரறிந்த விஷயம்.

சரி, அந்தக் கிருமிகள் நம் ஊர்ப் பிரச்சினை இல்லை. நம் ஊரில் இருப்பது புழு. புழுவின் கதை நேர் தலைகீழ்.

ஈசனோபில் என்றால் நம் வீடுகளில் தெரியாதவர்கள் இல்லை. மூக்கு ஒழுகினால், தும்மினால், “ஈசனோபீலியா இருக்கு” என்று சொல்லிக்கொள்வார்கள். புழு நுழைந்தாலும் அதே வெள்ளையணுதான் கூடும். அந்த ஈசனோபில்கள் கொழுப்புத் திசுவுக்குள்ளும் வாழ்கின்றன, எரிச்சல்கார மேக்ரோஃபேஜ்களைச் சாந்தமான வகையாக இருக்க வைக்கின்றன என்று 2011இல் எலிகளில் தெரிந்தது. ஈசனோபில் இல்லாத எலிகளுக்குக் கொழுத்த தீனி போட்டால் கொழுப்பும் கூடியது, இன்சுலினும் எடுபடவில்லை. கொழுத்த எலிக்குக் குடற்புழுவை ஏற்றினால் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் தேறியது. புழு தன் பிழைப்புக்காக உடம்பின் கோபத்தைத் தணித்து வைக்கிறது. அந்தத் தணிப்பு கொழுப்பிலும் படிகிறது.

இது எலிக்கதை மட்டும் என்று தள்ளிவிட முடியாது, சென்னையிலேயே சான்று இருக்கிறது. சென்னை நகர்ப்புற கிராமப்புற ஆய்வின் ஒரு பகுதியாக 2010இல் வெளிவந்த கட்டுரையில், யானைக்கால் புழுத் தொற்று சர்க்கரை நோய் இல்லாதவர்களில் 10.4 சதவீதம் பேருக்கு இருந்தது. புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்டவர்களில் 5.7 சதவீதம், ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்களில் 4.3 சதவீதம்தான். புழுவும் சர்க்கரையும் சேர்ந்தே இருந்தவர்களின் ரத்தத்தில் அழற்சிப் பொருட்கள் குறைவாக இருந்தன. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸை எடுத்துக்கொண்டு சென்னையிலிருந்தே நடந்த ஆய்வுகளில், புழு உள்ள சர்க்கரை நோயாளிகளின் கணைய ஹார்மோன்களும் கொழுப்புத் திசு ஹார்மோன்களும் வேறு அளவில் இருந்தன. மருந்து கொடுத்து ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பல மாறியிருந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் ஒரு பழங்குடிக் கிராமத்திலும் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் தொற்று இருந்தவர்களிடம் சர்க்கரை நோய் குறைவு.

இதெல்லாம் ஒரே நேரத்தில் எடுத்த புகைப்படம் மாதிரி. புழு சர்க்கரையைத் தடுத்ததா, காலில் செருப்பில்லாமல் வெயிலில் உழைத்ததால் இரண்டும் அப்படி அமைந்ததா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு விடை தேடிப் போனவர்கள் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவுக்குப் போனார்கள். வீடு வீடாகச் சீட்டுப் போட்டு, பாதிப் பேருக்கு அல்பென்டசோல் என்ற பூச்சி மாத்திரை, பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஊர் மொத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் இன்சுலின் எதிர்ப்பில் வித்தியாசம் இல்லை. புழு இருந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் மருந்துக்குப் பிறகு இன்சுலின் எதிர்ப்பு கூடியிருந்தது. எடை கூடியதும் ஈசனோபில் குறைந்ததும் அதற்குக் காரணமாகத் தெரிந்தன. படித்ததும் எனக்கு மஞ்சப்பை அம்மாவின் கன்னம்தான் ஞாபகம் வந்தது.

ஆஸ்திரேலியாவில் ஒரு படி மேலே போய், தொப்பையும் இன்சுலின் எதிர்ப்பும் உள்ள நாற்பது பேரைச் சேர்த்து, சிலருக்கு வெற்றுத் திரவம், சிலருக்கு 20 அல்லது 40 கொக்கிப்புழு லார்வாக்களைத் தோல் வழியாக ஏற்றினார்கள். 2023இல் முடிவு வந்தது. 20 லார்வா பெற்றவர்களிடம் ஒரு வருடத்தில் இன்சுலின் எதிர்ப்பு இறங்கியது. நம் நடவு வயலில் சேற்றில் நின்றால் இலவசமாக ஏறும் அதே நெக்கேட்டர் என்ற கொக்கிப்புழுவை அங்கே எண்ணிப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள்!

இங்கேதான் பயமாக இருக்கிறது. இதைப் பாதி மட்டும் படித்துவிட்டு, “புழு நல்லது, பூச்சி மாத்திரை சதி” என்று வாட்ஸ்அப்பில் யாராவது கிளம்புவார்கள். இன்னொரு பக்கம், “வயிற்றுப் புழுவைக் கொன்றால் சர்க்கரை பறந்துபோகும்” என்று வேப்பங்கொழுந்து வீடியோக்கள் இப்போதே ஓடுகின்றன. இரண்டும் அபத்தம். அந்த ஆஸ்திரேலிய ஆய்வு சிறியது, பாதுகாப்பானதா என்று பார்க்கத்தான் முதன்மையாக நடந்தது. நன்றாகச் சாப்பிடும் ஆட்களுக்குக் கணக்காக ஏற்றிய இருபது லார்வா வேறு. கஞ்சி குடித்து வேலைக்குப் போகிற உடம்பில் நூற்றுக்கணக்கில் தொங்கும் புழு வேறு. ஒரு நெக்கேட்டர் ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.03 மில்லி ரத்தம். நூறு புழு என்றால் தினமும் 3 மில்லி. மாதவிடாயும் பிரசவமும் பார்க்கிற பெண்ணுடம்பிலிருந்து அது போனால் என்ன மிஞ்சும் என்று ஹீமோகுளோபின் பார்த்தவனுக்குத் தெரியும். என் பேத்தி விழுங்கிய மாத்திரையை எதற்காகவும் நிறுத்தாதீர்கள்.

என் கேள்வி பெரியவர்களைப் பற்றி. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரை கொடுக்கிறீர்கள், தமிழ்நாட்டில் இருபது முதல் முப்பது வயதுப் பெண்களுக்கும் கொடுக்கிறீர்கள். சர்க்கரை கூடும் வயது அதற்கு மேலே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023இல் சொன்ன கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். ஊர் முழுக்க, பெரியவர்களுக்கும் சேர்த்து மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வு வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. நாளைக்கு அதுவே திட்டமாக வரலாம். வரும்போது மாத்திரை கொடுக்கிற அன்றே எடையும் இடுப்புச் சுற்றளவும் விரல் நுனிச் சர்க்கரையும் அதே வரியில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள். எடை கூடும், கூடட்டும், மெலிந்த உடம்புக்கு அது நல்லதுதான். நம் ஆட்களுக்குக் கொழுப்பு கையில் காலில் சேராமல் வயிற்றில் போய் உட்காரும் என்பதால் டேப்பைக் கேட்கிறேன். புனே மருத்துவர் யாஜ்னிக், தன் நண்பரான பிரிட்டிஷ் விஞ்ஞானியோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் இதற்குப் பிரபலம். இரண்டு பேருக்கும் ஒரே பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 22.3. பிரிட்டிஷ்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2.

எச்.பி.ஏ.ஒன்.சி. பற்றியும் லேப்காரனாக ஒரு வார்த்தை. மூன்று மாதச் சர்க்கரை என்று எல்லோரும் அதையே நம்புகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த அளவு நிஜத்தைவிட ஏறிக்காட்டும். இரும்பு மாத்திரை கொடுத்துப் புது ரத்தம் ஊறினால் இறங்கிக்காட்டும். கொக்கிப்புழு உள்ள ஊரில் அந்த எண்ணை மட்டும் வைத்து மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் ஆபத்து. பக்கத்திலேயே ஹீமோகுளோபின் இருக்கட்டும், சாப்பாட்டுக்கு முன், பின் சர்க்கரையும் இருக்கட்டும். மெஷின்கள் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. ஆய்வு முடிவைப் பேசுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். புழுவுக்கு மருந்து கொடுத்தபின் ஏ.ஒன்.சி. மாறினால் அது கொழுப்பால் மாறியதா, ரத்தத்தால் மாறியதா என்று கேட்காமல் கட்டுரை எழுதக் கூடாது.

ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கு வருகிறேன். பள்ளியில் கொடுக்கும் ஒற்றை அல்பென்டசோல் அதைச் சரியாகக் கொல்லாது, ஐவர்மெக்டின் வேண்டும். மற்றப் புழுக்கள் சில வருடத்தில் தானே செத்துப்போகும். இது உடம்புக்குள்ளேயே மறுசுற்று ஓடி வாழ்நாள் முழுக்க இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களிடம் சிக்கி சயாம் – பர்மா ரயில்பாதை போட்ட பிரிட்டிஷ் கைதிகளை இங்கிலாந்தின் லிவர்பூலில் முப்பது வருடத்துக்கு மேல் கழித்துப் பரிசோதித்தபோதும் பலர் குடலில் அது இருந்தது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன நம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மிஞ்சி வந்தவர்களைக் கூப்பிட்டு மலம் பார்க்க ஒரு லிவர்பூல் இல்லை.

இந்தப் புழு பரவலாக உள்ள இடங்களில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு வருடம் ஒருமுறை ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் சொல்லிவிட்டது. நம் எந்த வட்டாரத்தில் எவ்வளவு என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்? சாதாரண ஸ்லைடில் இது பெரும்பாலும் தப்பிவிடும். அந்த அம்மாவுக்கு ஸ்டீராய்டு புழுவைப் பெருக்கிவிட்டதால் ஃபீல்டுக்கு நாலைந்து தெரிந்தது. இல்லாவிட்டால் நானும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருப்பேன். அகர் தட்டில், அதாவது கிருமி வளர்க்கும் ஜெல்லித் தட்டில், மலத்தை வைத்து இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். லார்வா ஊர்ந்து போகும், போகிற வழியெல்லாம் பாக்டீரியாவைச் சிந்திக்கொண்டே போகும். காலையில் தட்டை வெளிச்சத்தில் பிடித்தால், ஈர மணலில் நத்தை போன தடம் மாதிரி, முத்து முத்தாகக் காலனிக் கோடு. அதைப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம், தட்டும் பொறுமையும் போதும். மாவட்டத்துக்கு ஒரு லேபில் ஆரம்பித்தாலும் போதும். இருக்கும் வசதியில் உடனே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சர்க்கரைக்காரருக்கோ மூட்டுவலிக்காரருக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு எழுதும் முன், செல் கவுண்டர் மெஷின் துப்பும் தாளில் ஈசனோபில் எண்ணைப் பார்த்துவிட்டு, “வயல்ல வெறுங்காலோட வேலை பாத்திருக்கீங்களா?” என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்பது உங்கள் துறை மட்டும் பார்க்கும் விஷயம் இல்லை என்று தெரியும். தெரிந்தவர்களிடம் நீங்களும் சொல்லிவைக்கலாம்.

நான் கேட்பது புதுக் கட்டடமோ புதுப் பதவியோ இல்லை. தன்னார்வலர் நோட்டில் இரண்டு கட்டம் கூடுதலாக: பூச்சி மருந்து எப்போது, என்ன மருந்து. பூச்சி மருந்துப் பட்டியலில் மூன்று கட்டம்: எடை, இடுப்பு, சர்க்கரை. அகர் தட்டில் தடம் பார்க்கப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், வருகிறேன். பஸ் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் ஒருவர்

பி.கு.: அந்தப் பென்சில் வரி இருந்த லேப் நோட்டு பழைய ரெக்கார்டுகளோடு எடைக்குப் போய்விட்டது. ஆகவே அந்த அம்மாவின் கதைக்கு என்னிடம் ஆதாரம் கேட்காதீர்கள்.